லதாவா நிர்மலாவா? கண் நோகாமல் தமிழ் படிக்க எந்த எழுத்துரு

கேள்வி, 2 பிப்ரவரி 2023

அம்மாவுக்கு 71 வயது. தொடர்கதைப் பைத்தியம். டேப்லெட்டில்தான் படிக்கிறார், ஆனால் பத்து நிமிடத்தில் "எழுத்தெல்லாம் ஒட்டிக்கிட்டுத் தெரியுதுடி" என்று கீழே வைத்துவிடுகிறார். ஆங்கிலத்துக்கு எந்த ஃபான்ட் படிக்க நல்லது என்று ஆயிரம் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள், தமிழுக்கு ஒருவரும் சொல்லக் காணோம். என்னைக் கேட்டால் நிர்மலாதான் இருப்பதிலேயே தெளிவு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2 பிப்ரவரி, இரவு 9.40

மாற்றுக் கருத்து உண்டு. நிர்மலா மெனுவுக்கும் பட்டனுக்கும் செய்த எழுத்து. பெயரிலேயே யுஐ, அதாவது பயனர் இடைமுகம், என்று வால் ஒட்டியிருக்கிறது பாருங்கள். விண்டோஸ் 8-இல் வந்தது. தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு, சிங்களம் என்று ஒரு டஜன் எழுத்து முறைகளை ஒரே கோப்பில் ஒரே உயரத்துக்குள் உட்கார வைத்தார்கள். "கோப்பு", "திருத்து", "சேமி" என்று மூன்று சொல் படிக்க அது அருமை. முப்பது பக்கம் படிக்க நோட்டோ செரிஃப் தமிழ் போடுங்கள். 22 வருடமாக மெய்ப்பு பார்க்கிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

2 பிப்ரவரி, இரவு 11.15

நம்பலாம் என்று சொல்லிவிட்டேனே தவிர ஏன் என்று சொல்லவில்லை. படுத்தும் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

தமிழில் கண்ணைச் சோதிப்பது சுழி. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. பள்ளிக்கூடத்தில் வாயால் சொல்லி மனப்பாடம் செய்தோம், ஆனால் படிக்கும்போது யாரும் சுழியை எண்ணுவதில்லை, சுழிக்குள் இருக்கிற வெள்ளையைத்தான் கண் பிடிக்கிறது. அந்த வெள்ளை அடைபட்டால் ன, ண இரண்டும் ஒரே கருப்புக் கட்டி. எல்லாக் கோடும் ஒரே தடிமனில் ஓடுகிற எழுத்துருவில் சுழி சீக்கிரம் அடைபடும். கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் சுழிக்குள் கொஞ்சம் காற்று வரும். ஈய அச்சுக் காலத்துப் புத்தகங்களில் இந்தத் தடிப்பு மெலிவு இருக்கும், நோட்டோ செரிஃபிலும் ஓரளவு இருக்கிறது. அவ்வளவுதான் என் வாதம்.

இன்னொன்று. நம் தலைமுறைக்குக் கணினித் தமிழ் என்றாலே ஏன் கண்வலி ஞாபகம் வருகிறது தெரியுமா? விண்டோஸ் எக்ஸ்பி காலத்துத் திரையில் 10 பாயிண்ட் எழுத்து என்றால் மொத்தம் 13 புள்ளி உயரம். அந்த 13 புள்ளிக்குள் மேலே ஒரு ஒற்றுப்புள்ளி, கீழே ஒரு உகரக் கொக்கி, நடுவில் மூணு சுழி. எங்கே போடுவது? ஆங்கிலத்துக்கு அந்தத் திரைக்கென்றே எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டரை வைத்து வெர்டானா, ஜார்ஜியா என்று 1996-லேயே செய்து கொடுத்துவிட்டார்கள். நமக்கு விண்டோஸோடு வந்த லதா. அதுவும் எக்ஸ்பியில் ஒரு இடத்தில் போய் டிக் அடித்தால்தான் கொம்பு சரியான பக்கம் உட்காரும்.

3 பிப்ரவரி

லதாவைத் திட்டியதற்கு நான்கு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். திட்டவில்லை ஐயா. அந்தக் காலத்தில் அவள் ஒருத்திதான் வீட்டை நடத்தினாள்.

5 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. வாய்ச்சொல் எதற்கு, சோதித்தே பார்த்துவிடலாம் என்று ஒரு சிறுகதையின் முதல் பக்கத்தை நான்கு எழுத்துருவில் 12 பாயிண்ட்டில் அச்செடுத்தேன். லதா, விஜயா, நிர்மலா, நோட்டோ செரிஃப். பெயர் போடாமல் அ, ஆ, இ, ஈ என்று மட்டும் பின்னால் எழுதி மாமனார், மனைவி, பத்தாவது படிக்கிற பையன் மூவரிடமும் கொடுத்தேன். எது படிக்கச் சுகம், வரிசைப்படுத்துங்கள் என்றேன்.

மாமனார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 76. நான்கையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் பத்தியை வாய்விட்டுப் படித்துவிட்டு, பரீட்சைத் தாள் திருப்பிக் கொடுக்கிற தோரணையில் நீட்டினார். முதலிடம் லதா. கடைசி விஜயா. "இது எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மாப்ளே, இதை எவன் படிப்பான்."

மனைவிக்கு முதலிடம் நிர்மலா. பையன் நான்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நோட்டோ செரிஃப் யாரிடமும் முதலிடம் வாங்கவில்லை. என் 22 வருட அனுபவம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க வேண்டாம்.

(இடையில் ஒரு தமாஷ். மாமனாரிடம் "லதாவை எடுத்தீங்களே, ஏன்? விஜயா ஏன் பிடிக்கல?" என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தது சமையலறையில் கேட்டு, மனைவி கரண்டியோடு வந்து நின்றார். தமிழ் எழுத்துருக்களுக்குப் பெயர் வைத்தவர்கள் வீட்டு நிலவரத்தை நினைத்துப் பார்த்திருக்கலாம்.)

5 பிப்ரவரி, மாலை

திருத்தம். காலையில் செய்த சோதனை செல்லாது.

அச்செடுத்த தாள்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன். அதே பத்தி, அதே 12 பாயிண்ட், லதாவில் இரண்டாம் பக்கத்துக்கு ஒழுகியிருக்கிறது, விஜயாவில் முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஸ்கேலை எடுத்து "க" எழுத்தின் உயரத்தை அளந்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அளக்கவே வேண்டாம், விஜயா தம்பி மாதிரி நிற்கிறது. அப்படியென்றால் மாமனார் லதாவைத் தேர்ந்தெடுக்கவில்லை, பெரிய எழுத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல, அதுதான் வெட்கம். அப்பா விருதுநகரில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சுக் கோர்ப்பவராக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். ஈய எழுத்தைக் கையில் எடுத்துக் காட்டுவார். பாயிண்ட் என்பது இந்த ஈயக் கட்டையின் உயரம், அதன் தலையில் இருக்கிற எழுத்தின் உயரம் கிடையாது என்பார். கட்டை 12 பாயிண்ட்டாக இருக்கும், எழுத்து அதில் முழுசாகவும் நிற்கலாம், நடுவில் சுருங்கிக்கொண்டும் நிற்கலாம். ஈயம் போய் நாற்பது வருடம் ஆகப்போகிறது, கணக்கு அப்படியே கணினிக்குள் வந்துவிட்டது. "12 பாயிண்ட்டில் படிக்க முடியவில்லை" என்று சொல்பவர்கள் எந்த எழுத்துருவின் 12 என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

6 பிப்ரவரி

மறுபடி அச்செடுத்தேன். இந்த முறை "க" உயரம் நான்கிலும் ஒன்றாக வரும்படி அளவைக் கூட்டிக் குறைத்தேன். விஜயாவை எக்கச்சக்கமாக ஏற்ற வேண்டியிருந்தது.

மாமனார்: நோட்டோ செரிஃப், பிறகு விஜயா(!), லதா, நிர்மலா. நேற்று எறும்பு என்று சொன்ன அதே விஜயா. மனைவி: "நேத்துதானே கேட்டீங்க?" பையன் வீட்டில் இல்லை.

மூன்று பேரை, அதிலும் குடும்பத்தாரை வைத்து ஒரு முடிவும் சொல்ல முடியாது, தெரியும். ஆனாலும் அளவைச் சமன் செய்யாமல் எழுத்துருவை ஒப்பிடுகிற எந்தப் பேச்சையும் இனி நான் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை, என் முதல் குறிப்பு உட்பட.

9 பிப்ரவரி

வரி இடைவெளி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, எழுத்துருவை விட அதுதான் பெரிது என்று இப்போது தோன்ற ஆரம்பித்திருக்கிறது.

ஆங்கிலத்தில் பெரும்பாலான எழுத்துகள் நடுவீட்டில் குடியிருக்கும், ஒன்றிரண்டு மாடி ஏறும், ஒன்றிரண்டு கீழே தொங்கும். தமிழில் மாடியிலும் நெரிசல், தரையடியிலும் நெரிசல். மேலே ஒற்றுப்புள்ளி, கி, கீ, டி, டீ என்று கொக்கிகள். கீழே கு, கூ, ழு, ளு, ஞ, ரு என்று வால்கள். முதல் வரியில் "வாழ்ந்து" என்று ஒரு சொல்லும் அதற்கு நேர் கீழே "பீடி" என்று ஒரு சொல்லும் வந்தால் ழகரத்தின் காலும் பீயின் சுழியும் கைகுலுக்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான, எழுத்தளவைப் போல 1.2 மடங்கு வரி இடைவெளியைத் தமிழுக்கும் அப்படியே வைத்துவிட்டால் இதுதான் நடக்கும். நிறையத் தளங்களில் இதுதான் நடக்கிறது, வடிவமைப்பவர் ஆங்கிலத்தில் மாதிரி செய்து, கடைசியில் தமிழைக் கொட்டிவிடுகிறார்.

நான் வேலைக்கு 1.6 வைத்துக்கொள்கிறேன், கண் களைத்த நாளில் 1.8. அதற்கு மேல் போனால் வரிகள் உறவு விட்டுப்போய்த் தனித்தனியாக நிற்கும், வரி முடிந்து அடுத்த வரிக்குக் கண் திரும்புகிற இடத்தில் வழி தவறும்.

கேள்வி கேட்ட தங்கைக்கு: அம்மா "ஒட்டிக்கிட்டுத் தெரியுது" என்றாரே, பக்கவாட்டில் ஒட்டுகிறதா, மேலும் கீழும் ஒட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

9 பிப்ரவரி, இரவு

அப்பா காலத்தில் வரிக்கு நடுவில் மெல்லிசான ஈயத் தகடு வைப்பார்கள். முதலாளி காகிதம் மிச்சம் பிடிக்கச் சொன்னால் முதலில் உருவப்படுவது அந்தத் தகடுதான். இன்று காகிதமும் இல்லை, ஈயமும் இல்லை, திரையில் இடம் சும்மா கிடக்கிறது. அப்புறம் யாருக்காக மிச்சம் பிடிக்கிறோம்?

காகித மிச்சம் நம் ஊரில் ரொம்பப் பழைய கதை. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சகம் வைத்தபோது முதலில் ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. கண்ணுக்குக் குளிர்ச்சியான பெரிய எழுத்து, ஆனால் அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. தரங்கம்பாடிப் பக்கத்திலேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள், அதற்குப் பாலாடைக்கட்டி சுற்றி வந்த ஈயத்தை உருக்கியதாகச் சொல்வார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு வந்தது. ஆக, தமிழ் எழுத்தைச் சுருக்கிப் போடுகிற வழக்கத்துக்கு முந்நூறு வயது தாண்டிவிட்டது.

10 பிப்ரவரி

மேற்படிக் குறிப்பில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். அச்சு என்று யாராவது சொன்னால் எனக்கு இப்படித்தான் ஆகும்.

14 பிப்ரவரி

"பழைய புத்தகங்கள் படிக்கச் சுகமாக இருக்கின்றன, இன்றைய எழுத்துருக்கள் எதுவும் அப்படி இல்லை" என்று ஒரு மூத்தவர் எழுதியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் செய்வித்த எழுத்துகள் உண்மையிலேயே அழகு, 1862-இல் வந்த வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்கள், அவ்வளவு பொடி எழுத்தில் சுழி ஒன்றும் அடைபடவில்லை.

மறுபாதி பழக்கம். அந்தப் புத்தகங்களில் லை, ணை, னை, ளை நான்குக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைகிற வடிவம் இருக்கும். ணா, றா, னா-வும் வேறு மாதிரி சுருட்டிக்கொண்டிருக்கும். பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் மாற்றிய எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது, மொத்தம் 13 எழுத்து. (அவர் ஐ, ஔ இரண்டையும் எடுத்துவிடச் சொன்னார், அது மட்டும் ஏறவில்லை.) அச்சுக் கோர்ப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. அப்பா பெரியாரைப் பற்றி அதிகம் பேசியதில்லை, ஆனால் "கேஸில் (ஈய எழுத்து அடுக்கும் பெட்டியில்) பதிமூன்று அறை காலியாச்சு" என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

என் அம்மா இன்றும் மளிகைச் சீட்டில் "வெல்லை" தும்பிக்கையோடுதான் எழுதுவார். (வெல்லத்தைச் சொல்கிறார், அது வேறு கதை.) அவருக்குத் தும்பிக்கை லை சட்டென்று கண்ணில் படும், என் பையனுக்கு அது ஏதோ சித்திரம். லோகித் தமிழ் கிளாசிக்கல் என்று ஒரு எழுத்துரு இந்தப் பழைய வடிவங்களோடு வருகிறது. அதில் ஒரு பக்கம் போட்டுக் காட்டினேன். அம்மா சரளமாகப் படித்தார், பையன் மூன்றாம் வரியில் நின்றுவிட்டான். தெளிவு என்பதில் எவ்வளவு எழுத்தில் இருக்கிறது, எவ்வளவு நாம் எட்டு வயதில் படித்த பாடப் புத்தகத்தில் இருக்கிறது என்று பிரிக்கவே முடியவில்லை.

20 பிப்ரவரி

கேள்வி கேட்ட தங்கை திரும்பி வந்திருக்கிறார். அம்மாவுக்குப் போன வருடம் கண்புரை அறுவை சிகிச்சை நடந்ததாம். அதற்கு முன்னால் வாங்கிய பழைய கண்ணாடியையே இன்னும் போட்டுக்கொண்டிருந்தாராம். உள்ளே லென்ஸ் வைத்த பிறகு பவர் மாறிவிடும், கிட்டப் பார்க்கப் புதுக் கண்ணாடி எழுதி வாங்க வேண்டும். வாங்கினார்கள். இப்போது நிர்மலாவிலேயே ஒரு மணி நேரம் படிக்கிறாராம்.

பதினெட்டு நாள், நான்கு எழுத்துரு, இரண்டு சோதனை, ஒரு மாமனார். கண்ணாடி!

20 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

சரி, சிரித்து முடித்தேன். கண்ணாடி சரியானதற்கு அப்புறமும் அம்மா "வெள்ளை ரொம்பக் கூசுது" என்கிறாராம். புரை எடுத்த புதிதில் பல பேர் அப்படிச் சொல்வார்கள், பழுப்புத் திரையை விலக்கின மாதிரி இருக்கும். பின்னணியைப் பழைய காகித நிறத்துக்கு மாற்றிவிடுங்கள், வெளிச்சத்தையும் குறையுங்கள். ஆனால் எழுத்தைச் சாம்பல் ஆக்கிவிடாதீர்கள். வெள்ளையில் சாம்பல் எழுத்து போடுவது நாகரிகம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இணைய அணுகல் நெறிகளில் எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவில் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு கேட்கிறார்கள், அது சாதாரண எழுத்துக்கு. தமிழ்ச் சுழிகளுக்கு நான் இன்னும் கூடுதலாகக் கேட்பேன்.

3 மார்ச்

என் தொழிலில் எழுத்துரு செய்கிற கூத்து ஒன்று இருக்கிறது, அது படிக்கிற சுகத்தோடு சம்பந்தப்பட்டதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கௌரவம்", "கெளரவம்". இரண்டையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரம். இரண்டாவதில் கெ, அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு ள. பெரும்பாலான எழுத்துருவில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. அதே போல "ஆசிரியர்", "ஆசிாியா்". இரண்டாவதில் ரகரமே இல்லை, துணைக்காலின் தலையில் கொக்கியும் புள்ளியும் வைத்திருக்கிறார்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பிறகு யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றிய கோப்புகளில் இது மூட்டை மூட்டையாக வரும். சில எழுத்துருவில் உறுத்தும், சிலவற்றில் சமத்தாக மறைந்துகொள்ளும்.

இதற்கு வேர் ரொம்பப் பழசு. ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் ஒரே வடிவம், புள்ளியும் குத்த மாட்டார்கள், படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அச்சில்தான் ரகரத்துக்குக் கீழே சாய்வாக ஒரு வால் நிலைத்தது. அந்த வாலை மெல்லிசாகப் போடுகிற எழுத்துருவில் சின்ன அளவுக்குப் போனால் "கரம்" "காம்" ஆகிவிடும், "மரம்" "மாம்" ஆகிவிடும். ஒரு எழுத்துருவை முதல் தடவை பார்க்கும்போது எல்லாரும் ழகரம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நான் ரகரத்தின் வாலைப் பார்ப்பேன்.

3 மார்ச், பின்னிரவு

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்தவர் தவறை மட்டும் பேசுகிறவன் ஆகிவிடுவேன். சித்தப்பா மகன் கல்யாணம். அழைப்பிதழ் மெய்ப்பு பார்த்தது நான். தலைப்புகள் எல்லாம் தடித்த எழுத்தில். அந்த எழுத்துருவில் உண்மையான தடித்த வடிவம் கிடையாது, கணினியே நாலாப் பக்கமும் கோட்டை ஊதிப் பெருக்கிப் போட்டிருந்தது, சுழி எல்லாம் அடைபட்டுக் கருப்பு மணியாக இருந்தது. மூன்று முறை படித்தேன். 500 அழைப்பிதழ் அச்சாகி வந்தது. சித்தி முதல் அழைப்பிதழைப் பிரித்ததும் கேட்டார், "ஏண்டா, இது என்ன மனமகன்?"

ரெண்டு சுழி. மெய்ப்பில் இருந்ததும் ரெண்டு சுழிதான், நான் அந்தக் கருப்பு மணியை மூணு சுழியாகப் படித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து போல்டு விஷயத்தில் கறாராக இருக்கிறேன். தடித்த எழுத்து வேண்டுமென்றால் அதைத் தனியாக வரைந்திருக்கிற எழுத்துருவாகத் தேடுங்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் ஒன்பது எடைகளில், அதாவது ஒன்பது தடிமன்களில், வருகிறது, நோட்டோவிலும் அப்படித்தான். சாய்வெழுத்துக்கும் இதே பேச்சு. தமிழுக்குச் சாய்த்து எழுதுகிற அச்சு மரபே கிடையாது, கணினி சும்மா தள்ளிவிட்டுச் சாய்க்கிறது, பஸ் வளைவில் திரும்பும்போது நிற்கிற பயணிகள் மாதிரி இருக்கும். புத்தகப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் போதுமே. கொஞ்சம் சாய்ந்த கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் தாரிக் அசீஸ் செய்த கவிவாணர் இருக்கிறது, அது சாய்வாகவே பிறந்தது, ஆனால் அதில் நாவல் படிக்க முடியாது.

11 மார்ச்

கைபேசி. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் நாம் படிப்பது முக்கால்வாசி அதில்தான்.

ஆங்கிலப் புத்தகத்துக்கு ஒரு வரியில் 45-லிருந்து 75 எழுத்து இருந்தால் சுகம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. தமிழுக்கு அதைத் தூக்கி வந்தால் உதைக்கும், எழுத்தும் அகலம், சொல்லும் நீளம். "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்று ஒரு சொல் வந்தால் கைபேசியில் ஒரு வரி முழுக்க அதுதான். மேலே உள்ள வரியில் இரண்டு சொல், கீழே உள்ள வரியில் மூன்று சொல். இதில் இரண்டு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்று சமன் செய்தால் சொல்லுக்குச் சொல் நடுவில் தெரு ஓடும். வார இதழ்களின் ஒல்லிப் பத்திகளில் பார்த்திருப்பீர்கள், "அவள்" ஒரு மூலையில், "சிரித்தாள்" ஒரு மூலையில், நடுவில் மாட்டு வண்டியே போகலாம். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும், வலது ஓரம் பல் விழுந்த மாதிரி இருந்தாலும் படிக்கச் சுகம்.

இங்கே எழுத்துரு மறுபடி முக்கியமாகிறது. அகல எழுத்துரு போட்டால் வரிக்கு இரண்டு சொல்தான் வரும், கண் தாவித் தாவிக் களைத்துவிடும். கைபேசியில் நான் முக்த மலர் வைத்துப் படிக்கிறேன், மும்பை ஏக் டைப் குழு செய்தது. அகலம் அளவானது, ரகர வால் கண்ணுக்குத் தெரிகிறது. அது செரிஃப் (கோடு தடித்து மெலிகிற வகை) கிடையாதே என்று கேட்பீர்கள். ஆமாம், கிடையாது. 2 பிப்ரவரி இரவு 9.40-க்கு எழுதியவரைப் போய்க் கேளுங்கள்.

12 மார்ச்

இலங்கையிலிருந்து ஒரு அண்ணர் எழுதியிருக்கிறார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு பழகி, பாமினியில் பத்திரிகை படித்து வளர்ந்தவர், எதைப் பார்த்தாலும் அதோடுதான் ஒப்பிடுகிறாராம். யாழ்ப்பாணம், கொழும்பு, டொராண்டோ என்று அந்தத் தலைமுறைக்கே அது முகம். "அந்த எழுத்தில வாசிச்சாத்தான் செய்தி செய்தி மாதிரி இருக்கும்" என்கிறார். மாமனாருக்கு லதா, அம்மாவுக்குத் தும்பிக்கை லை, இவருக்குப் பாமினி. நான் இதில் வாதாட ஒன்றும் இல்லை.

26 ஏப்ரல்

ஒன்றரை மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை, 640 பக்க நாவல் ஒன்றுக்கு மெய்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பு லதாவில் இருந்தது. பழைய நானாக இருந்தால் திறந்ததும் நோட்டோ செரிஃபுக்கு மாற்றியிருப்பேன். இந்த முறை எழுத்துருவைத் தொடவில்லை, வரி இடைவெளியை 1.7 ஆக்கினேன், ஓரங்களை உள்ளே தள்ளி வரியைக் குறுக்கினேன், பக்கத்தை இளம் பழுப்பாக்கினேன். நாளைக்கு 60 பக்கம் போயிற்று, சாயங்காலம் கண்ணில் நீர் வரவில்லை.

கடைசி சுற்றுக்கு மட்டும் வேண்டுமென்றே முற்றிலும் வேறு எழுத்துருவில் போட்டுப் படித்தேன், மீரா இனிமையில். பழகிய முகத்தில் பரு தெரியாது, புது முகத்தில் தெரியும். மூன்று சுற்று தப்பிய பிழை 41 சிக்கியது, அதில் ஒன்று 212-ஆம் பக்கத்தில் "மனமேடை".

சித்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இப்பவாவது கண்ணு தெரிஞ்சுதே" என்றார்.